நான்காவது வரிசைத் தொட்டிகள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் கணவருக்குத் துறைமுகத்தில் வேலை மாற்றலாகி நாங்கள் கல்கத்தாவுக்கு வந்தோம். டாக்குரியா ரயில் நிலையத்துக்குப் பின்புறம் இரண்டு அறை வீடு. என்னிடம் ஒரு வேதியியல் பட்டமும் நாள் முழுக்க நேரமும் இருந்தன. பேசத்தான் ஆள் இல்லை. ஒரு நாள் கரியாஹாட் சந்தையில் சின்ன வெங்காயம் எங்குமே கிடைக்காமல் தமிழில் அலுத்துக்கொண்டபோது, பக்கத்தில் பை நிறையக் காய்களோடு நின்றிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். "அது இங்க கெடைக்காதுங்க. எங்க வீட்டுக்காரர் ஊருக்குப் போனா மூட்டையாக் கொண்டாருவாரு. வந்து வாங்கிக்குங்க" என்றாள். அந்த அக்கா எனக்குப் பழக்கமானது அப்படித்தான். கோயமுத்தூர்ப் பக்கம். பாலிகஞ்சில் அரசுக் குடியிருப்பில் இருந்தார்கள். அவளுடைய கணவர் மண்ணையும் நீரையும் சோதிக்கும் ஓர் ஆய்வுக்கூடத்தில் நிலவியல் பிரிவில் இருந்தார். அங்கே ஓர் இடம் காலியானபோது எனக்குச் சொல்லி, விண்ணப்பத்தைத் தானே வாங்கிக்கொண்டுபோய்ச் சேர்த்ததும் அவர்தான். அவரை நான் சார் என்று கூப்பிட்டேன், கடைசிவரை.

அதே ஆய்வுக்கூடத்தில் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களை ஆராய்கிற பிரிவில் ஒரு வங்காளப் பெண் இருந்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள். எல்லோரும் அவளைத் தீதி, அதாவது அக்கா, என்பார்கள், நானும். என் மகள் பிறந்தபோது கணவர் ஹல்தியாவில் இருந்தார். ஆடி மாத மழையில் தெருவெல்லாம் முழங்கால் அளவு தண்ணீர். தீதிதான் என்னைக் கைரிக்‌ஷாவில் ஏற்றிவிட்டு, புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, பக்கத்திலேயே தண்ணீரில் நடந்து ஆஸ்பத்திரிவரை வந்தாள். இரண்டு நாள் வராந்தா பெஞ்சை விட்டு எழவில்லை. மகள் வளர்ந்து பேச ஆரம்பித்தபோது அவள் வாயில் தீதியின் வங்காளமும் அக்காவின் கொங்குத் தமிழும்தான் இருந்தன. என்னுடைய பேச்சு கொஞ்சம்தான். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பிறகு செய்ததற்கு இவை சாக்கு ஆகாது. ஆனால் இவை இல்லாமல் நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கே புரியாது.

சாருக்குக் கல்லின்மேல் பைத்தியம். மாநிலத்தின் மேற்கு ஓரத்தில் எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான கருங்கல்லை உடைத்துச் சாலைக்கு ஜல்லி எடுக்கிறார்கள். கிரஷரில் மிஞ்சுகிற தூசு அங்கே குவியல் குவியலாகக் கிடக்கும். அதை வயலில் போட்டால் நல்ல உரம் என்று தொண்ணூறுகள் முழுக்க அவர் சொல்லிப் பார்த்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகு, காற்றில் கூடிக்கொண்டே போகும் கரியமில வாயுவைப் பற்றி உலகமே பேச ஆரம்பித்தபோது அவருக்கு வேறொரு கதவு திறந்தது. மழைநீர் அந்த வாயுவைக் கரைத்துக்கொண்டு இறங்குகிறது. அதனால் வரும் இளம்புளிப்பு கல்லை அரிக்கிறது. அரிக்கும்போது வாயு உப்பாக மாறி, தண்ணீரோடு ஆற்றுக்கும் கடலுக்கும் போய்விடுகிறது. மலைகளில் இது எத்தனையோ யுகமாக நடக்கிறது. கல்லைத் தூளாக்கி ஈர மண்ணில் போட்டால் நம் ஆயுளுக்குள்ளேயே நடக்கும், இந்த மழைக்கும் வெக்கைக்கும் வங்காளத்தைவிட நல்ல இடம் எது என்பார். இதைச் சொல்லி முடிக்கும்வரை டிபன் டப்பாவைத் திறக்கமாட்டார்.

தீதியின் வழி வேறு. இங்கே குளம் குட்டை எல்லாவற்றையும் ஆகாயத்தாமரை மூடிக்கிடக்கும். அதை வாரிக் கரையில் போடுவார்கள். அது அழுகி, வளரும்போது காற்றிலிருந்து இழுத்ததையெல்லாம் காற்றுக்கே திருப்பிக் கொடுத்துவிடும். அதைக் காயவைத்து, காற்று அதிகம் புகாத டிரம்மில் சுட்டுக் கரியாக்கி மண்ணில் கலந்துவிட்டால் அது அழுகாது, மண்ணிலேயே பல காலம் கிடக்கும் என்பது தீதியின் கட்சி. ஆய்வுக்கூடத்தின் பின்பக்கம் இரண்டு பழைய தார் டிரம்களில் அவளே சுடுவாள். சாயங்காலம் அவளோடு மினிபஸ்ஸில் வந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். அவளுக்கு அதைப் பற்றிக் கவலை இருந்ததில்லை.

மூன்று பேரும் ஒரே மேசையில்தான் சாப்பிடுவோம். கல்லா கரியா என்று அவர்கள் இருவரும் தினமும் வாதம் செய்வார்கள். அது சிரித்துக்கொண்டே செய்கிற வாதம். தீதி கொண்டுவரும் மீன் குழம்பைப் பார்த்து சார் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவர் தயிர்சாதத்தைப் பார்த்து தீதி இது நோயாளி சாப்பாடு என்பாள். அப்படி ஒரு மதியம் நான்தான் கேட்டேன், இரண்டையும் ஒரே மண்ணில் போட்டால் என்ன என்று. கரி ஈரத்தைப் பிடித்துவைக்கும். ஈரம் இருந்தால் கல் நன்றாகக் கரையும். ஒரே நிலம், ஒரே உழவு, இரண்டு வேலை. யோசித்துச் சொன்னது இல்லை. வாதம் முடிந்தால் போதும் என்று சொன்னது. சார் கையைத் துடைத்துவிட்டு ஒரு தாளில் எழுத ஆரம்பித்தார். இத்தனை நாள் நமக்கு ஏன் தோன்றவில்லை என்று தீதி அவரைக் கேட்டாள். அன்று நான் சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

பின்பக்கம் பதினாறு சிமெண்டுத் தொட்டிகளை நான்கு வரிசையாக வைத்தோம். முதல் வரிசையில் வெறும் மண். இரண்டாவதில் கல்தூசு கலந்த மண். மூன்றாவதில் கரி கலந்த மண். நான்காவதில் இரண்டும் கலந்தது. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு துளை, அதற்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் கேன். மழைநீர் மண்ணுக்குள் இறங்கி அந்தக் கேனில் சேரும். அதை எடுத்துவந்து சோதிப்பது என் வேலை. பியூரெட் என்னும் அளவுக் குழாயிலிருந்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுவேன். நிறங்காட்டி சேர்த்ததால் மஞ்சளாக இருக்கும் நீர் ஒரு சொட்டில் சிவக்கும். அதுவரை எவ்வளவு அமிலம் தாங்குகிறது என்று பார்ப்பேன். கல்லிலிருந்து கரைந்து வந்த மக்னீசியத்தையும் தனியாக அளப்பேன். மண்ணில் தங்கிய கரியை அளக்க மண்ணையே உலையில் எரித்துப் பார்ப்பேன். எல்லாத் தொட்டியிலும் பாலக் கீரையும் செங்கீரையும் விதைத்திருந்தோம்.

முதல் மழைக்காலம் முடிந்தபோது இரண்டாவது வரிசையில் கல் கரைந்திருந்தது. சார் எதிர்பார்த்த அளவுக்கு இல்லாவிட்டாலும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் கரைந்திருந்தது. மூன்றாவது வரிசையில் கரி போட்டது போட்டபடி இருந்தது. நான்காவது வரிசை இரண்டையும் மிஞ்சும் என்று காத்திருந்தேன், என் யோசனை என்பதால் கொஞ்சம் கூடுதல் ஆசையோடு. மிஞ்சவில்லை. கல் மட்டும் போட்ட தொட்டிகளில் கரைந்த அளவில் பாதிகூட அங்கே கரையவில்லை. என் கையில்தான் தவறு என்று நினைத்து, கண்ணாடிச் சாமான்களையெல்லாம் கழுவி, அமிலத்தைப் புதிதாகத் தயாரித்து, திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன். அதே விடைதான். இரண்டாவது மழைக்காலத்தில் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. ஆகாயத்தாமரைக் கரியில் சாம்பல் அதிகம். சாம்பல் மண்ணின் புளிப்பைக் கொன்றுவிடுகிறது. புளிப்பு இல்லாத மண்ணில் கல் கரைய மாட்டேன் என்கிறது. நான்காவது வரிசைக் கீரையோ நரம்பு மட்டும் பச்சையாக இருக்க, நடுவெல்லாம் வெளுத்து மஞ்சளானது.

முடிவை இருவரிடமும் ஒரே நேரத்தில் சொன்னேன். ஆய்வு என்றால் இப்படியும் வரும், கரியின் அளவைக் குறைத்துப் பார்க்கலாம், இல்லை வேறு செடியைச் சுட்டுப் பார்க்கலாம் என்று பேசுவார்கள் என எதிர்பார்த்தேன். முதல் சில நாள் அப்படித்தான் பேசினார்கள். பிறகு தில்லியிலிருந்து ஒரு குழு வரப்போகிறது, பெரிய அளவில் வயலில் செய்து பார்க்க அனுமதி கிடைக்கலாம் என்று இயக்குநர் அறிவித்தார். அதற்குப் பிறகு பேச்சு மாறியது. கரி என் கல்லைக் கெடுத்துவிட்டது என்றார் சார். கல்தூசை அளவுக்கு மீறிக் கொட்டியது யார் என்றாள் தீதி. நடைபாதையில் எல்லோரும் கேட்கும்படி சத்தம் போட்டுக்கொண்டார்கள். மறுநாள் முதல் சார் தன் அறையிலேயே சாப்பிட ஆரம்பித்தார். மேசையில் நானும் தீதியும் மட்டும். அவள் அவரைப் பற்றிப் பேசவில்லை. சாப்பிட்டதும் டிரம்களைப் பார்க்கப் போய்விடுவாள்.

குழு வருவதற்கு ஒரு வாரம் முன்னால் சார் என்னைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். குரலில் கோபம் இல்லை. கெஞ்சல் மாதிரி இருந்தது.

"அந்த நாலாவது வரிசையை இப்பக் காட்டோணுமா? காட்டுனா கல்லே வேலைக்கு ஆகாதுன்னு எழுதிப்போட்டுட்டுப் போயிருவாங்க. இன்னொரு மழை பாத்துட்டுச் சொல்லிக்கலாமுங்க. இப்போதைக்குக் கல்லுத் தொட்டி மட்டும் தனியா ஒரு தாள்ல எழுதிக் குடுங்க."

அன்று சாயங்காலமே தீதி என் அறைக்கு வந்தாள். வங்காளத்தில்தான் சொன்னாள், ஆனால் அது சாரின் பேச்சைத் தமிழிலிருந்து மாற்றிச் சொன்னது போலவே இருந்தது. என் வரிசையை மட்டும் தனியாக எழுதிக் கொடு, நான்காவதில் நடந்தது அவருடைய தப்பு, அந்தப் பழி என் கரிமேல் விழவேண்டாம் என்றாள். போகும்போது, குழந்தைக்கு இருமல் நின்றதா என்று கேட்டாள்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் பேப்பரை இறக்காமல் கேட்டுவிட்டு, "நீ அளக்குற ஆளு. அளந்து குடுத்துட்ட. முடிவெடுக்குறது மேல இருக்குறவங்க பாடு" என்றார். அப்போது அது எனக்கு மிகவும் வேண்டிய சொல்லாக இருந்தது. மறுநாள் இரண்டு தாள்களைத் தட்டச்சு செய்தேன். ஒன்றில் கல், ஒன்றில் கரி. இரண்டிலும் ஓர் எண்கூடப் பொய் இல்லை. இதை நான் எனக்கே பலமுறை சொல்லிக்கொண்டேன்.

கூட்டத்தில் சார் தன் தாளை வைத்துப் பேசினார், தீதி தன் தாளை வைத்துப் பேசினாள். கடைசியில் இயக்குநர் எழுந்து கரும்பலகையில் இரண்டு எண்களையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிக் கோடு போட்டுக் கூட்டினார். ஒரே நிலத்தில் இரண்டையும் செய்தால் பலன் இவ்வளவு, உலகத்தில் யாரும் இதுவரை செய்யாதது என்றார். குழுவில் கண்ணாடி போட்ட ஒருவர், சேர்த்துப் போட்டுப் பார்த்தாயிற்றா என்று கேட்டார். சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றார். தீதி ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். நான் கடைசி வரிசையில் மடியில் கோப்போடு உட்கார்ந்திருந்தேன். நான்காவது வரிசையின் தாள் அதற்குள்தான் இருந்தது. அந்தக் கண்ணாடிக்காரர் என் பக்கம் பார்த்த மாதிரி எனக்குத் தோன்றியது. ஒருவேளை சும்மா பார்த்திருப்பார். நான் வாயைத் திறக்கவில்லை. டீயும் சந்தேஷ் இனிப்பும் வந்தன. அனுமதி கிடைத்துவிட்டது.

வயலுக்கு நகரத்தின் கிழக்கோரம் போனார்கள். பைபாஸ் ரோட்டைத் தாண்டினால் காய்கறி விளைகிற தாழ்ந்த நிலங்கள். அங்கே குத்தகைக்குப் பயிர் செய்கிற ஒருவர் ஒப்புக்கொண்டார். நாற்பது வயது இருக்கும். அவரும் மனைவியும் விடிவதற்குள் கீரையை அறுத்துக் கட்டி, சைக்கிள் வேனில் ஏற்றி சந்தைக்கு அனுப்புகிறவர்கள். மண் மாதிரி எடுக்க நான் போனபோது அவர் என்கூடவே நடந்தார். எனக்குக் குழந்தை உண்டா, மண்ணை எதற்காக இத்தனை பைகளில் போடுகிறேன் என்றெல்லாம் விசாரித்தார். பிறகு ஒரு வரப்பில் நின்று, படித்த பெண்களை அங்கே திதிமோனி என்று அழைக்கிற வழக்கப்படி, அவ்வளவு மரியாதையாகக் கேட்டார்.

"திதிமோனி, நீங்க உங்க இடத்துல போட்டுப் பாத்தீங்களா? கீரை நல்லா வந்துச்சா?"

"வந்துச்சு" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. இரண்டாவது வரிசையிலும் மூன்றாவது வரிசையிலும் நன்றாகத்தான் வந்தது என்று அந்த நொடியிலேயே எனக்குள் ஒரு கணக்கும் போட்டுக்கொண்டேன். அவர் தலையசைத்தார். படித்த பெண், பொட்டு வைத்த அம்மா, வங்காளம் தட்டுத்தடுமாறிப் பேசினாலும் நேராகப் பேசுகிறாள் என்று நினைத்திருப்பார். முழு நிலத்திலும் போட்டுக்கொள்ளுங்கள் என்று அன்றே சாரிடம் சொல்லிவிட்டார். லாரியில் கல்தூசு வந்தது. அதை இறக்கிய ஆட்கள் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு இறக்கினார்கள். தீதியின் கரி மூட்டை மூட்டையாக வந்தது. கோழிக்கொண்டை நிறத்தில் செங்கீரை முளைத்து நிற்க வேண்டிய நிலம், மழைக்கு முன்னால் சாம்பல் நிறமாகக் கிடந்தது.

முதல் போகத்தில் முள்ளங்கி பரவாயில்லாமல் வந்தது. எனக்கு உயிர் வந்தது. ஒருவேளை தொட்டியில் நடந்தது வயலில் நடக்காதோ என்று நினைத்துக்கொண்டேன். குளிர்காலக் கீரையில் அந்த நினைப்பு போயிற்று. நான்காவது வரிசையில் பார்த்த அதே மஞ்சள், ஒரு தொட்டியில் இல்லை, கண்ணுக்கு எட்டினவரை. சந்தையில் அந்தக் கீரையை யாரும் கையில் எடுக்கவில்லை. அடுத்த விதைப்பும் அப்படியே ஆனது.

ஒரு காலை அந்த விவசாயி ஈரச் சாக்கில் பாலக்கைக் கட்டிக்கொண்டு ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றார். காவலாளி உள்ளே விடவில்லை. நான் வெளியே போய் அழைத்துவந்தேன். நடைபாதையில் சாக்கைப் பிரித்து வைத்தார். சாரும் தீதியும் வந்தார்கள். இருவரும் அந்தக் கீரையைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், பிறகு ஆரம்பித்தார்கள். அத்தனை மாதம் உள்ளுக்குள் வைத்திருந்ததெல்லாம் அன்று வெளியே வந்தது. உன் சாம்பல் என்றார் அவர். உங்கள் தூசு என்றாள் அவள். எல்லாம் ஆங்கிலத்தில். அந்த மனிதர் தரையில் குந்தி உட்கார்ந்து, பேசுகிறவர் முகத்தை மாறி மாறி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் என்னைப் பார்த்து, இவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். மழை பெய்தால் சரியாகிவிடும் என்கிறார்கள் என்று சொன்னேன். அப்படி அவர்கள் யாரும் சொல்லவில்லை. அவர் சாக்கை மடித்து எடுத்துக்கொண்டு போனார். கீரையை அங்கேயே விட்டுவிட்டார். பெருக்க வந்த பெண்மணி அதைக் கூட்டி அள்ளிப்போனாள்.

மழை பெய்தது. சரியாகவில்லை. நிலத்துக்காரர் குத்தகையைத் திரும்ப எடுத்துக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். எங்கள் திட்டத்தையும் அந்த வருடத்தோடு முடித்துக்கொண்டார்கள். வயலின் நிலைமை சாதகமாக இல்லை என்று அறிக்கையில் ஒரு வரி இருந்தது. யாரையும் குறை சொல்லாத வரி. பின்பக்கத் தொட்டிகளை உடைத்து அள்ளிவிட்டு அங்கே சைக்கிள் நிறுத்துமிடம் கட்டினார்கள்.

சாருக்குத் தெற்கே வேறோர் ஊரில் பெரிய பதவி கிடைத்தது. போவதற்கு முன்னால் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள், இட்லிப் பாத்திரத்தையும் இரண்டு பூந்தொட்டிகளையும் கொடுக்க. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. இத்தனை வருடத்தில் என்னைக் கண்ணு என்று கூப்பிடாமல் அவள் பேசியதில்லை. அன்று ஒரு முறைகூடக் கூப்பிடவில்லை.

"உங்ககிட்ட அந்தத் தாளு இருந்துச்சாமா. நீங்க அதைக் கூட்டத்துலயே குடுத்திருந்தா அவரு அன்னிக்கே நிறுத்தியிருப்பாராமா. ராத்திரியெல்லாம் இதையேதான் சொல்லிப் பொலம்புறாரு. நீங்க எங்களுக்கு இப்படிப் பண்ணுவீங்கன்னு நான் நெனைக்கலீங்க."

கதவைச் சாத்தச் சொல்லி அவர் என்னிடம் கேட்டதைச் சொல்லலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அவள் நம்பமாட்டாள், நம்பினால் அவள் வீடு என்ன ஆகும் என்று அடக்கிக்கொண்டேன். பெருந்தன்மை என்று அன்று நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. மூடி மறைப்பது எனக்குப் பழகிவிட்டிருந்தது, அவ்வளவுதான். அவர் வேண்டுமென்றே பொய் சொன்னார் என்றும் நான் நினைக்கவில்லை. சொல்லிச் சொல்லி அவரே அதை நம்பியிருப்பார். நான் இரண்டு தாள்களிலும் பொய் இல்லை என்று நம்பியது போல. அக்கா படியிறங்கிப் போனாள். அதற்குப் பிறகு ஒரு பொங்கல் வாழ்த்துகூட வரவில்லை. மகள் சில மாதம் அவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தாள், பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

ஒன்றரை வருடம் கழித்து, பைபாஸ் ஓரமாக எழும்பிக்கொண்டிருந்த ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் முன்னால் பஸ் நின்றபோது அந்த விவசாயியைப் பார்த்தேன். தலையில் மணல் சட்டி. முதலில் வேறு யாரோ என்று நினைத்தேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தேன். என்னைப் பார்த்ததும் சட்டியை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தார். குழந்தை எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தார். என் வாயைக் கட்டிப்போட்டது அந்தச் சிரிப்புதான். ஆனாலும் சொன்னேன். என் தட்டுத்தடுமாறும் வங்காளத்தில், எங்கள் இடத்தில் நான்கு விதமான தொட்டிகள் இருந்ததையும், இரண்டும் கலந்ததில் கீரை வெளுத்ததையும், வரப்பில் நின்று அவர் கேட்ட அன்றே எனக்கு அது தெரியும் என்பதையும் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டார்.

"அதை அன்னிக்கே சொல்லியிருந்தாலும் நான் வேண்டாம்னு சொல்லியிருக்க மாட்டேன், திதிமோனி. ஒரு பாத்தியில மட்டும் போடுங்கன்னு சொல்லியிருப்பேன்."

மேஸ்திரி கூப்பிட்டார். அவர் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நான் அந்த இடத்தில் வெகுநேரம் நின்றேன். ஒரு பாத்தி. எங்கள் மூன்று பேருக்கும் தோன்றாதது அவருக்கு ஒரு நிமிடத்தில் தோன்றியது. எங்களுக்கும் தோன்றியிருக்கும்; எங்களில் யாருக்கும் அது போதவில்லை. கல்லும் கரியும் சேர்ந்து வேலை செய்யாது என்றுகூட நான் சொல்லவரவில்லை. அளவை மாற்றி, சாம்பலைக் கழுவி, வேறு மண்ணில் செய்தால் சேரலாம். இப்போது வேறு எங்கெங்கோ செய்கிறார்கள், சில இடங்களில் நன்றாக வருகிறது என்று படிக்கிறேன். ஒரு பாத்தியில் ஆரம்பித்திருந்தால் எங்களுக்கும் அது தெரிந்திருக்கும்.

அன்று மதியம் பழைய கோப்பைத் தேடியெடுத்து, நான்காவது வரிசையின் தாளில் ஒரு குறிப்பு எழுதிச் சேர்த்து, புதிதாக வந்திருந்த இயக்குநரிடம் கொண்டுபோனேன். அவர் படிக்காமலேயே ஓரத்தில் சுருக்கொப்பமிட்டார். முடிந்த திட்டத்தின் கோப்பை எதற்கு அலமாரியிலிருந்து இறக்கினீர்கள் என்று மட்டும் கேட்டார்.

தீதியின் அறை என் அறைக்கு அடுத்தது. திட்டம் முடிந்தபின் எங்களுக்குள் ரசாயனப் பாட்டில்களைப் பற்றி மட்டுமே பேச்சு இருந்தது. அன்று நானாகப் போய் அவள் எதிரில் உட்கார்ந்து, அந்த விவசாயியைப் பார்த்ததையும் அவரிடம் சொன்னதையும் சொன்னேன். அவள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். முடி முழுக்க நரைத்திருந்தது. நான் அதைக் கவனித்ததே அன்றுதான்.

"சொன்னதுல உனக்கு மனசு லேசாச்சா?" என்றாள்.

இல்லை என்றேன்.

"அவருக்கு நிலம் திரும்ப வந்துச்சா?"

அதற்கும் இல்லை என்றேன்.

"அப்ப எதுக்குச் சொன்ன? மழை சரியில்லை, விதி, ஏதோ ஒண்ணுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தார். இப்ப நாம தெரிஞ்சே செஞ்சோம்னு அவருக்குத் தெரியும். அதையும் சேத்துச் சுமக்கட்டும்னா போய்ச் சொன்ன?"

அவள் சொன்னதில் பாதி நியாயம், பாதி பயம். எது எந்தப் பாதி என்று அவளாலும் பிரித்திருக்க முடியாது. உனக்கு அன்றைக்கு வாய் இருந்ததே என்று கேட்டேன். உனக்கும் இருந்தது, தாளும் உன் மடியில் இருந்தது என்றாள். நான் எழுந்து வந்துவிட்டேன். மழைத் தண்ணீரில் ரிக்‌ஷாவுக்குப் பக்கத்தில் நடந்துவந்தவளிடம் நான் அப்படிப் பேசுவேன் என்று என்றைக்கும் நினைத்ததில்லை.

அதற்குப் பிறகு மூன்று வருடம் அடுத்தடுத்த அறைகளில் வேலை செய்தோம். ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தோம், ஒரே தராசில் எடை போட்டோம். அவள் ஓய்வுபெற்ற அன்று ஊழியர்கள் சம்பங்கி மாலை போட்டுச் சால்வை போர்த்தினார்கள். எல்லோரும் கை தட்டும் சத்தம் சுவர் வழியாகக் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவள் கைப்பையும் ஒரு சின்ன அட்டைப் பெட்டியுமாக என் அறை வாசலைக் கடந்தாள். வாசலில் நடை ஒரு கணம் தயங்கியது. நான் தலை நிமிராமல் பியூரெட்டில் சொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அவள் போயிருந்தாள்.